ஈயைத் தொடாத பதினேழு பேர்

"என் பேரையும் போடுங்க, சேர்."

வினோதா இதைச் சொன்னபோது பணிப்பாளர் பேராசிரியர் கஜேந்திரன் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் பாதியில் அறுந்து கோப்பைக்குள் விழுந்தது. கோப்போடு பக்கத்தில் நின்ற தலைமை எழுதுநர் மரியரட்ணம், பூசை நடுவில் யாரோ விசிலடித்துவிட்டது போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

மூடாமல் என்ன செய்வார்? இரண்டு வருடத்துக்கு முன், அவள் வேலைக்கு வந்த முதல்நாள் காலையிலேயே பின்படிக்கட்டில் நிறுத்திப் புத்தி சொன்னவர் அவர்தான். "இங்க பாருங்க புள்ள. லீவு கேளுங்க, தரமாட்டாங்க, ஆனா கேக்கலாம். கதிரை கேளுங்க. குளிருக்குச் சட்டை கேளுங்க. கட்டுரையில பேரு மட்டும் கேட்டுறாதீங்க. ஒங்களுக்கு முன்ன இருந்தவரு கேட்டாரு. இப்ப ராகலையில லொறிக்கு முட்டைக்கோவா ஏத்துறாரு."

பணிப்பாளர் கரண்டியால் பிஸ்கட்டை மீட்டெடுத்தார். மீட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எந்தப் பெயரை, மிஸ் வினோதா?"

"என்னோட பேரை, சேர். கட்டுரையில."

"கட்டுரையில் ஏற்கெனவே பதினேழு பெயர் இருக்கிறதே," என்றார், பஸ்ஸில் இடமில்லை என்று சொல்லும் ஆளின் அக்கறையோடு.

இருந்தது உண்மைதான். முதல் பெயர் அவருடையது. அடுத்து, மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வந்து கையொப்பமிட்டுவிட்டுக் கரட் மூட்டையோடு திரும்பும் இரண்டு பிரதிப் பணிப்பாளர்கள். பிறகு பணிப்பாளரின் துணைவியார். முன்மண்டபத்துத் திரைச்சீலைக்கு நிறம் தேர்ந்தவர். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து முகாமையாளர். ஈக்களுக்கு ஒருமுறை வாழைக்குலை அனுப்பியவர். நிலையத்தைத் திறந்து நாடா வெட்டியவர். நாடா வெட்ட அழைக்கப்பட்டு வர முடியாமல் போனவர். இப்படியே போய்ப் பதினேழாவது பெயர் போன வருடமே காலமாகிவிட்ட ஒருவருடையது. கட்டுரை ஆயுளைப் பற்றியது என்பதால் அவரை நீக்குவது அபசகுனம் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சி ஊற்றியது, இரண்டு நாளைக்கு ஒருமுறை புதுக் குப்பிக்கு மாற்றியது, செத்ததைத் தூரிகையால் ஒதுக்கி எண்ணியது, எண்ணியதை எழுதியது, பதினோராயிரத்து நானூறு ஈக்களின் சாவுக்கும் பக்கத்தில் இருந்தது எல்லாம் வினோதா. அந்தப் பெயர் எங்கும் இல்லை.

"நீங்கள் ஈயைத் தொட்டீர்களா?" என்று கேட்டார் பணிப்பாளர்.

"தினமும் தொடுறேன், சேர்."

"அங்கேதான் சிக்கல். தொடுகிறவர் வேலை செய்கிறார். தொடாதவர் சிந்திக்கிறார். கட்டுரை என்பது சிந்தனை." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் இங்கே வந்து ஒன்பது வருடம். ஒரு ஈயைத் தொட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், உற்றுப் பார்த்ததுகூட இல்லை. அந்தத் தூய்மையை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறேன். உங்களால் அப்படிச் சொல்ல முடியுமா?"

அவள் விரலை முகர்ந்து பார்த்தாள். விரல் முழுக்க ஈஸ்ட் வாசம்.

"படிவம் இருக்கிறது," என்றார் பணிப்பாளர். "பெயர்ச் சேர்ப்புப் படிவம் நான்கு. நிரப்பிக் கொடுங்கள். குழு பார்க்கும்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று படிவங்கள் எதுவும் கிடையாது. குழு என்பது அந்தப் பதினேழு பேர். படிவத்தின் முதல் கேள்வி: இதற்குமுன் தங்கள் பெயர் ஏதேனும் கட்டுரையில் வந்துள்ளதா? இல்லையெனில் மேற்கொண்டு நிரப்ப வேண்டாம்.

வினோதா மேற்கொண்டு நிரப்பினாள்.

*

மலைநாட்டு ஆயுள் ஆராய்ச்சி நிலையம் வட்டகொடைக்கு மேலே, முன்னொரு காலத்துப் பெரிய துரை பங்களாவில் நடந்தது. தோட்டம் பங்களாவைக் கைகழுவியபோது அரசாங்கம் வாங்கிக்கொண்டது. கூடவே பித்தளை மணி, இருபத்திரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, சமையற்காரர் பழனியாண்டி, பங்களாவின் முறைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. துரைமார் போனார்கள். முறை போகவில்லை.

காலை ஆறரைக்கு மணி அடிக்கும். தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பேர். இங்கே ஈக்களுக்குப் பெரட்டு. வினோதா பனியில் நின்று குப்பி இலக்கத்தையும் உயிரோடு இருக்கும் ஈக்களின் தொகையையும் உரக்கப் படிப்பாள். ஒவ்வொரு குப்பிக்கும் மரியரட்ணம் "இருக்காங்க" என்று சொல்லிப் பதிவார். செத்த ஈக்கு மூன்று பிரதியில் மரண அறிவித்தல். பறந்து போன ஈக்கு விசாரணை. பௌர்ணமிப் போயா நாளில் நிலையம் பூட்டு என்பதால் போயாவில் எந்த ஈயும் சாவதில்லை. சித்திரைப் புதுவருடத்துக்கு ஆறு நாள் பூட்டினார்கள். ஆறு நாளும் ஒரு சாவும் பதிவாகவில்லை. 'ஓய்வும் ஆயுளும்' என்று பணிப்பாளர் அதைப் பற்றி வானொலியில் பேசினார்.

இவ்வளவும் எதற்கு? பழ ஈ என்பது கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் அந்தச் சின்ன ஈதான். சாப்பாடு கிடைத்தது என்று அதன் உடம்புக்குள் சேதி சொல்லும் ஜீன்கள் உண்டு. அதில் ஓரிடம் பிசகினால் சேதி மங்கிவிடும். உடம்பு இது பஞ்சகாலம் என்று நினைத்துக்கொள்ளும். குறுகி வளரும், முட்டையைக் குறைக்கும், இருக்கிறதைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து நாளைத் தள்ளும். ஆயுள் கூடும். வெளிநாட்டில் பலர் பல ஈக்களில் கண்டு சொன்ன சங்கதி இது. அப்படிப் பிசகிய ஓர் ஈ வம்சம் அங்கிருந்து ஒரு நீண்ட இலக்கத்தோடு தபாலில் வந்திறங்கியது. பணிப்பாளர் இலக்கத்தை அடித்துவிட்டு 'கஜேந்திர-1' என்று பெயர் வைத்தார். இரண்டு என்று எதுவும் கிடையாது.

பிசகிய ஈயின் ஆயுளை அளக்க, பிசகாத ஈயும் பக்கத்தில் வேண்டும். அவற்றுக்கு நிலையத்தில் 'சாதாரண ஈக்கள்' என்று பெயர். கஜேந்திர ஈக்கள் முன்மண்டபத்தில், பனி முட்டும் பெரிய கண்ணாடிச் சன்னலோரம், விருந்தாளிகள் பார்க்கும்படி கண்ணாடி அலுமாரியில் இருந்தன. சாதாரண ஈக்கள் குசினிக்குப் பின்னால், வெந்நீர் அடுப்பின் புகைக்கூண்டு ஏறும் சுவரோரம் இருந்தன. யாரும் யோசித்துச் செய்ததல்ல. சாதாரணமானது எதுவும் முன்வாசல் வழியாக வந்து முன்மண்டபத்தில் இருக்காது என்பது அந்தப் பங்களாவின் நூறு வருட முறை. வினோதாவும் பின்வழியாகத்தான் வேலைக்கு வந்தாள்.

கஜேந்திர ஈ சராசரி தொண்ணூற்றிரண்டு நாள் இருந்தது. சாதாரண ஈ நாற்பத்து மூன்று நாள். இரட்டிப்புக்கும் மேல். அதுதான் கட்டுரை. அதுதான் பதினேழு பெயர்.

வினோதாவுக்கு அந்தக் கட்டுரை வேண்டியிருந்தது. கொழும்பில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு கட்டுரையாவது பெயரோடு இருக்க வேண்டும். கடைசித் திகதி கார்த்திகை முப்பது. அதை விட்டால் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், பிறகு ராகலை, லொறி, கோவா.

"கேட்டியா?" என்றாள் அம்மா மீனம்மா, மலையிலிருந்து இறங்கி தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் அட்டைக்கடிக்கு உப்புத் தேய்த்துக்கொண்டே.

"கேட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"குழு போட்டிருக்காங்க."

"நெறுத்த கொழுந்துக்குப் பேரு போடலன்னா நாங்கல்லாம் கூடைய மலையிலயே கவுத்துட்டு எறங்கிருவோம். நீ படிச்சவ. ஃபாரம் நெரப்புற."

*

ஏழு வாரம் கழித்துக் குழுவின் முடிவு வந்தது. பணிப்பாளரே எழுந்து நின்று வாசித்தார்.

"மிஸ் வினோதாவின் உழைப்பை நிலையம் உணர்கிறது. கொழுந்து குறைந்த நாளில் தோட்டத்தில் அரைநாள் சம்பளமென்று அரைப்பேர் போடுவார்கள் அல்லவா? இந்த மண்ணின் மரபை நாம் மதிக்க வேண்டும். ஆகவே 'வி' என்ற எழுத்தை, புள்ளியோடு, நன்றியுரையில் விறகு தந்தவருக்கு அடுத்ததாகச் சேர்க்கக் குழு ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது."

கைதட்டினார்கள். புள்ளி கூடாது என்று ஒரு பிரதிப் பணிப்பாளர் கடைசிவரை நின்றதாகவும், அவரைச் சம்மதிக்க வைக்கத் தான் பட்டபாடு தனக்குத்தான் தெரியும் என்றும் மரியரட்ணம் பிறகு காதோடு சொன்னார்.

அவள் குசினிக்குப் போய் அடுப்படியில் குந்தினாள். பழனியாண்டி அவளுக்கு முன்னாலேயே வெந்துகொண்டிருந்தார்.

"என்னா புள்ள, மூஞ்சி இப்புடி? ஒனக்கு ஒரு எழுத்தாவது குடுத்தாங்க. எனக்கு அந்தத் திரைச்சீல அம்மாக்கிட்ட வசவு. அப்பம் வேணுமாம், அப்பம். மாவு கரைச்சு ஒங்க ஈ ரூம்புல வச்சேன். மத்தியானத்துக்குள்ள பொங்கிச் சட்டிய விட்டு எறங்கி நடக்குது. சரி, அங்க சூடுன்னு முன்மண்டபத்துல, அந்தப் பெரிய எடத்து ஈக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சேன். மூணு நாளு. சுண்ணாம்பு மாதிரிக் கெடக்கு. பொங்கவும் மாட்டேங்குது, புளிக்கவும் மாட்டேங்குது. அங்க வச்சா எதுவும் சாவாது போல."

வினோதா நிமிர்ந்தாள். "என்னா சொன்னீங்க?"

"மாவு பொங்கலன்னேன்."

"இல்ல, கடைசியா."

"அங்க வச்சா எதுவும் சாவாது போலன்னேன். ஏன் புள்ள? பேய் கண்டவ மாதிரிப் பாக்குற?"

சனிக்கிழமை ஹட்டனுக்குப் போய்த் தன் கைக்காசில் ஒரு வெப்பமானி வாங்கினாள். பத்து நாள், நாளுக்கு நான்கு தடவை, இரண்டு இடத்திலும் அளந்தாள். முன்மண்டபம் பதினாறு, பதினேழு பாகை. பின்னறை இருபத்தெட்டு. ஈக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெயிலில் அவசரமாக வாழ்ந்து அவசரமாகச் சாகும். குளிரில் மெதுவாக வாழ்ந்து மெதுவாகச் சாகும். முதல் வருட விலங்கியலில் சொல்லித் தருவது. இரண்டு வருடமாகப் பதினோராயிரம் ஈக்களை எண்ணியவள் அதை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. பின்வழியாக வந்து பின்வழியாகப் போகிறவளுக்கு, பின்னறை என்றால் புழுக்கம், முன்மண்டபம் என்றால் குளிர் என்பது பங்களாவின் சுபாவமாகத் தெரிந்ததே தவிர ஆராய்ச்சியின் ஓட்டையாகத் தெரியவில்லை. அந்த வெட்கத்தோடுதான் பணிப்பாளரின் அறைக்குப் போனாள்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெப்பமானி யாருடையது?"

வியாழக்கிழமை விசாரணை. குற்றச்சாட்டை மரியரட்ணம் வாசித்தார்: அனுமதியின்றி அளந்தமை. ஒன்பது பேர் கொண்ட விசாரணைக் குழு வெப்பமானியைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தது. ஒருவர் அதைக் காய்ச்சல் பார்ப்பது என்று நினைத்து வாய்வரை கொண்டு போனார்.

"ஒன்பது வருடமாக இந்த நிலையத்தில் வெப்பநிலை ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை," என்றார் பணிப்பாளர். "நீங்கள் அளந்த பிறகுதான் பிரச்சினை வந்தது. ஆகவே பிரச்சினை வெப்பநிலை அல்ல, மிஸ் வினோதா."

"சேர், ரெண்டு வகையையும் ஒரே இடத்துல வச்சுப் பாத்தாப் போதும். சாதாரண ஈய முன்மண்டபத்துக்குக் கொண்டு வந்தா..."

மேசையைச் சுற்றி ஒரு சலசலப்பு ஓடியது. பணிப்பாளரின் துணைவியார் திரைச்சீலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சாதாரண ஈயை? முன்மண்டபத்தில்?" பணிப்பாளர் கதிரையை விட்டு எழுந்தார். "விருந்தாளிகள் வருகிற இடம், மிஸ் வினோதா. பங்களாவுக்கென்று ஒரு முறை இருக்கிறது. நாளைக்கு நீங்கள் அவற்றை மேசையில் உட்கார வைக்கச் சொல்வீர்கள்."

வெப்பமானியைப் பறிமுதல் செய்து இருப்பேட்டில் பதிந்து இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். அத்தோடு முன்மண்டபத்தில் வெப்பநிலை தீர்ந்தது.

திங்கட்கிழமை, புதிதாகப் பொரித்த ஈக்களில் இருபது குப்பி சாதாரண ஈயை எடுத்து முன்மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டில் வைத்தாள் வினோதா. இருபது குப்பி கஜேந்திர ஈயைப் பின்னறைக்குக் கொண்டு போனாள். ஒளித்துச் செய்யவில்லை. ஒவ்வொரு குப்பியிலும் என்ன ஈ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். நாற்பது குப்பியையும் ஏட்டில் பதிந்து பெரட்டில் உரக்கப் படித்தாள். மரியரட்ணம் ஒவ்வொன்றுக்கும் "இருக்காங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. அந்த நிலையத்தில் எழுதியதை வாசிக்கும் வழக்கம் இல்லை. எழுதியதற்குக் கையொப்பமிடும் வழக்கம்தான் உண்டு.

ஒன்பது வாரம் போனது. பின்னறைக் கஜேந்திர ஈக்கள் நாற்பத்தாறு நாள் சராசரியில் பொலபொலவென்று உதிர்ந்தன. முன்மண்டபத்துச் சாதாரண ஈக்கள் சன்னலோரம் சாவகாசமாக நடைபயின்றுகொண்டிருந்தன. ஆக, கஜேந்திர ஜீனுக்கு ஏதும் மகிமை இருந்தால் அது மூன்று நாள். அதையும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

*

அந்த வாரம்தான் பணிப்பாளர் இரண்டாம் கட்டத்தை அறிவித்தார்.

"ஈயில் நிறுவிவிட்டோம். இனி மனிதர்." திரையில் கீழ்மலை லயங்களின் படம் விழுந்தது. மூன்றாவது லயத்தின் கடைசிக் காம்பரா வினோதாவின் வீடு. கொடியில் அம்மாவின் துணி காய்ந்தது. "தோட்ட மக்களில் இருநூறு பேரின் எச்சிலை எடுக்கப் போகிறோம். அவர்களிடம் குறுகிய ஆயுளுக்கான ஜீன் கட்டாயம் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். இந்தப் பங்களாவில் இருந்தவர்கள் எண்பது, தொண்ணூறு என்று வாழ்ந்தார்கள். அறுநூறு கெஜம் கீழே, அதே காற்று, அதே தண்ணீர். அந்த மக்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். ஜீனைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?"

மரியரட்ணம் இருமினார். அவரும் லயத்தில் பிறந்தவர்.

"சாப்பாடு என்பீர்கள். குறைந்த சாப்பாடு ஆயுளைக் கூட்டும் என்று எங்கள் ஈயே சொல்கிறது. அந்த வகையில் தோட்ட மக்கள் அதிர்ஷ்டசாலிகள். பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அப்படியும் சாகிறார்கள் என்றால் பிழை அவர்களுக்குள்ளேதான் இருக்கிறது. இது உறுதியானால், கூரை போடு, கக்கூஸ் கட்டு என்று தோட்ட நிர்வாகங்களைத் தொந்தரவு செய்வது நிற்கும்." பக்கத்துத் தோட்டத்து முகாமையாளர் முதலில் கைதட்டினார்.

வினோதாவின் அப்பா ஜீவராஜ் ஐம்பத்தோராவது வயதில், தேயிலைத் தூள் அப்பிய நெஞ்சோடு தேயிலை அரைக்கும் ஸ்டோர் படிக்கட்டில் இளைப்பாற உட்கார்ந்தவர், எழும்பவில்லை. அவரிடம் எந்த ஜீனில் எந்த எழுத்துப் பிசகியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவர் இருபத்தேழு வருடம் எந்த அறையில் வைக்கப்பட்டிருந்தார் என்று தெரியும்.

அவள் கைதட்டவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

*

ஐப்பசி கடைசியில் சஞ்சிகையிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் பாராட்டிவிட்டு ஒரு சின்ன விளக்கம் கேட்டிருந்தார்கள்: இரு வகை ஈக்களும் என்ன வெப்பநிலையில் வைக்கப்பட்டன? ஈக்களை நேரில் எண்ணியவர் எவரோ அவரே கையொப்பமிட்டுத் தெரிவிக்க வேண்டும்.

பதினேழு பேருக்கும் அவசரக் கூட்டம். ஈயைத் தொட்டவர் யாராவது இருக்கிறாரா என்று பணிப்பாளர் கேட்டார். தொட்டதில்லை என்று பதினாறு பேரும் பெருமையோடு சொன்னார்கள். பதினேழாமவர் தொட்டிருக்கலாம் என்றும், அவரைக் கேட்க வழியில்லை என்றும் குறிப்பெழுதினார்கள்.

பணிப்பாளரின் அறையில் வினோதாவுக்கு முதல்முறையாகக் கதிரை போட்டார்கள்.

"இருங்கள், மிஸ் வினோதா. பிஸ்கட்?" அவர் ஒரு தாளை நகர்த்தினார். "'இரு வகையும் இருபத்தைந்து பாகையில் வைக்கப்பட்டன.' ஒரே வரி. கீழே உங்கள் கையொப்பம். உங்கள் பெயரைப் பதினெட்டாவதாகச் சேர்க்கிறோம். முழுப்பெயர்."

கார்த்திகை முப்பதுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழாவதாக. அவர் காலமாகிவிட்டார்தானே, கோபிக்க மாட்டார்."

பேசாமல் இருந்தாள்.

"நாடா வெட்ட வராதவரைக் கீழே இறக்கலாம். வரவில்லையே."

மரியரட்ணம் பென்சிலால் பெயர்களை அடித்து அடித்து எழுதினார். வினோதா வாயைத் திறக்காமலே பன்னிரண்டுக்கு ஏறினாள், ஒன்பதுக்கு ஏறினாள். வாழைக்குலையைத் தாண்டினாள். திரைச்சீலையில் கொஞ்சம் தடங்கல். துணைவியாருக்குத் தொலைபேசியில் பேசிச் சமாளித்தார்கள். பிரதிப் பணிப்பாளர்களைத் தாண்டினாள்.

"இரண்டாவது பெயர்," என்றார் பணிப்பாளர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு அடுத்து நீங்கள். இதற்குமேல் உலகத்தில் இடமில்லை."

"முன்மண்டபம் பதினேழு பாகை, சேர். பின்னறை இருபத்தெட்டு."

"அளக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. வெப்பமானி இரும்புப் பெட்டியில் இருக்கிறது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆயுள் தின விழா. அமைச்சிலிருந்து மேலதிகச் செயலாளர் வருகிறார். உங்கள் அம்மாவையும் கூட்டி வாருங்கள். லயத்திலிருந்து ஒரு விஞ்ஞானி. எல்லோர் முன்னாலும் கையொப்பமிடுவீர்கள். படம் எடுப்பார்கள்."

"நாளைக்குச் சொல்றேன், சேர்," என்று எழுந்தாள்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் அவள் அலுவலகக் கணினியில் உட்கார்ந்தாள். பணிப்பாளருக்கு வரும் மின்னஞ்சலைத் திறப்பதும் பதில் அனுப்புவதும் இரண்டு வருடமாக அவள் வேலைதான். இணைப்பு என்றால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இன்றைக்கு மட்டும் தன் சொந்த முகவரியிலிருந்து எழுதினாள். பதினேழு பாகை, இருபத்தெட்டு பாகை. பத்து நாள் அளவு. இடம் மாற்றிய நாற்பது குப்பியின் கணக்கு. அந்த ஒன்பது வாரப் பெரட்டுப் பதிவேட்டின் படங்கள், பக்கத்துக்குப் பக்கம் பணிப்பாளரின் கையொப்பத்தோடு. கடைசியில்: ஈக்களை எண்ணியவள் நான். இந்தக் கட்டுரை பிழை. அதன் கீழே தன் பெயரை எழுதினாள். பத்து மணிக்கு அனுப்பினாள். அம்மாவைக் கூட்டி வரப் பின்படிக்கட்டுக்குப் போனாள்.

*

விழாவில் மங்கள விளக்குக்குப் பிறகு பணிப்பாளர் நாற்பது நிமிடம் பேசினார். பேசிக்கொண்டே மேலதிகச் செயலாளரைக் கண்ணாடி அலுமாரிக்கு அழைத்துப் போனார். மேல் தட்டைக் காட்டினார்.

"பாருங்கள். எழுபது நாள் கடந்தவை. இந்த நடையைக் கவனியுங்கள். நிமிர்ந்த தலை. அவசரமே இல்லை. இதுதான் கஜேந்திர ஜீன். சாதாரண ஈயிடம் இந்தக் களை வராது. எவ்வளவு நல்ல இடத்தில் வைத்தாலும் வராது. பிறப்பிலே இருக்க வேண்டும்."

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் ஆமோதித்தார் மேலதிகச் செயலாளர், குனிந்து பார்த்தபடி. பதினாறு பேரும் குனிந்து பார்த்தார்கள். களை தெரிவதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மீனம்மா பொன்னாடை போர்த்தப்பட்டுப் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். மேசையில் அந்தத் தாளும் பேனாவும் தட்டில் வெற்றிலையோடு இருந்தன. பணிப்பாளர் ஒலிவாங்கியில் வினோதாவின் முழுப்பெயரையும் சொன்னார், முதல் தடவை. இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கையொப்பமிடச் சொன்னார்.

அவள் ஒலிவாங்கியின் முன் நின்றாள்.

"மேல் தட்டுல இருக்கிற இருபது குப்பியும் சாதாரண ஈங்க. பேரு ஒட்டியிருக்கு. யாரும் வாசிக்கல. கஜேந்திர ஈயில இருபது குப்பியக் குசினிக்குப் பின்னால வச்சேன். செத்துப்போச்சு."

மேலதிகச் செயலாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த நிலையத்தின் சரித்திரத்தில் முதல்முறையாக, ஒரு குப்பியில் எழுதியிருந்ததை வாசித்தார். பிறகு அடுத்ததை வாசித்தார். இருபதையும் வாசித்தார்.

"மிஸ் வினோதா," என்றார் பணிப்பாளர். பேனாவை நீட்டினார். "கையொப்பம். இரண்டாவது பெயர். உங்கள் எதிர்காலம்."

"காலையிலேயே அனுப்பிட்டேன், சேர். உள்ளது உள்ளபடி. சஞ்சிகைக்கு ஒண்ணு, அமைச்சுக்கு ஒண்ணு. நீங்க ஒப்பம் வச்ச ஏட்டோட."

"அனுமதி..."

"கேக்கல."

மண்டபத்தில் சத்தம் அடங்க ஒரு நிமிடம் ஆனது. அடங்கியதும் முதலில் எழுந்தவர் வாழைக்குலை முகாமையாளர். ஒருமுறைதான் குலை அனுப்பியதாகவும் அதுவும் பழுத்துப் போனது என்றும் தெளிவுபடுத்தினார். திரைச்சீலை வேறு யாரோ தேர்ந்தது என்றார் துணைவியார். நாடா வெட்ட வராதவர், தான் வராததற்கு எல்லோரையும் சாட்சிக்கு அழைத்தார். இரண்டு பிரதிப் பணிப்பாளர்களும் ஒரே நேரத்தில் மரியரட்ணத்தின் கையைப் பிடித்தார்கள்.

"கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். இப்போதே."

"என்னுடையதை முதலில்!"

மரியரட்ணம் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்பது வருட சேவையின் நிதானத்தோடு சொன்னார்: "பேரு சேக்கத்தாங்க ஃபாரம் இருக்கு. எடுக்க இல்லீங்க. குழு கூடணும். ஏழு வாரமாகும்."

வினோதா அம்மாவின் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்தாள். மீனம்மா எழுந்தாள்.

"ஏன்டி, ரெண்டாவது பேரு தர்றேன்னாங்களே?"

"வேணாம்னுட்டேன்."

"அப்ப கொழும்புப் படிப்பு?"

"இந்த வருசம் இல்ல."

மீனம்மா மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் நின்று மரியரட்ணத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த பெரிய மனிதர்களை ஒவ்வொருவராக, கொழுந்தில் முற்றல் பொறுக்குகிற மாதிரிப் பார்த்தாள்.

"இவுங்க பேரெல்லாம் அந்தக் கட்டுரையில அப்புடியே இருக்குமா?"

"இருக்கும்மா. சஞ்சிகையும் அமைச்சும் பாக்குற மாதிரி."

"ஒன் பேரு?"

"அதுல இல்ல."

"அப்ப சரி," என்றாள் மீனம்மா. "நட."

வினோதா நடந்தாள். பின்னால் அவள் பெயரை முழுசாக, திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் பணிப்பாளர். அவள் வாசலைத் தாண்டிப் பனிக்குள் இறங்கிவிட்டாள்.